கை உயர வேண்டும்

(மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குப் பின் உடலை மீட்டெடுப்பது பற்றி, எமது சங்கத்தின் நூற்றாண்டு விழாச் சுகாதார அமர்வில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த உரையை மூன்று பேர் சேர்ந்து எழுதினோம். ஒருவர் இயன்மருத்துவர். ஒருவர் சத்திரசிகிச்சை விடுதியில் நீண்டகாலம் கடமையாற்றி ஓய்வுபெற்ற தாதி. மற்றவர் மார்பகத்தை அகற்றும் சத்திரசிகிச்சை செய்துகொண்டு, இன்று சுகமாக இருப்பவர். மூவரும் இந்தப் பாடசாலையின் பிள்ளைகள். ஒருவர் வாசித்தாலும் மூவரின் குரலும் இதில் உண்டு. அதனால் ‘நாங்கள்’ என்றே பேசுகிறோம்.

இலங்கைப் பெண்களிடையே ஆகக்கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். இதை நீங்கள் முன்பும் கேட்டிருப்பீர்கள். ஒவ்வொரு ஒக்டோபர் மாதமும் கூட்டங்கள் நடக்கின்றன. மாதமொரு முறை மார்பகத்தைத் தானே தொட்டுப் பார்க்க வேண்டும், கட்டி தென்பட்டால் தாமதிக்கக் கூடாது, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் 1996 முதல் நடந்துவரும் வெல் வுமன் கிளினிக்கில் முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு பரிசோதித்துக்கொள்ளலாம் என்றெல்லாம் சொல்கிறார்கள். அவை அவசியமான வார்த்தைகள். ஆனால் கட்டி கண்டுபிடிக்கப்பட்டு, சத்திரசிகிச்சையும் முடிந்து, ஒரு பெண் வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றி எவரும் மேடையில் கதைப்பதில்லை. நாங்கள் கதைக்க வந்தது அந்த நாட்களைப் பற்றி. அதிலும் முக்கியமாக, கையைப் பற்றி.

“மார்பில் சத்திரசிகிச்சை என்றால் கைக்கு என்ன?” என்று கேட்கலாம். வீட்டாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

எங்களில் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறோம். அவர் ஆசிரியை. வலது பக்கத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. கமக்கட்டிலிருந்தும் நிணநீர்க் கணுக்களை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் கையில் கொடுத்த துண்டில் மருந்துகளின் பெயர்களும் கிளினிக் திகதியும் இருந்தன. கையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. வீட்டில் மாமியாரும் மச்சாள்மாரும் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். “கையை அசைக்காதை பிள்ளை, தையல் பிரிஞ்சிடும்” என்று மாமி காலையிலும் மாலையிலும் சொன்னார். தலை வாரிவிட்டார்கள், சோறு குழைத்துக் கொடுத்தார்கள், குளிக்க வார்த்தார்கள். அவரும் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஐந்து கிழமை இருந்தார்.

பிறகு கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு அளவெடுக்கக் கூப்பிட்டார்கள். அந்தச் சிகிச்சையின்போது மல்லாந்து படுத்து, கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும். கை குறுக்கே இருந்தால் கதிர் படவேண்டிய இடத்தில் படாது. அவருடைய கை தோள் உயரத்துக்குக்கூட எழும்பவில்லை. தோளை இளக்கி வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிகிச்சை மூன்று கிழமை பிந்தியது. நோய்க்குப் பயந்ததைவிட அந்த மூன்று கிழமைக்கே கூடுதலாகப் பயந்ததாகவும், இரவில் நித்திரை வரவில்லை என்றும் அவர் சொல்வார். நாளுக்கு மூன்று தடவை பயிற்சி செய்து, அழுதழுது கையை உயர்த்தினார். சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. இன்று அவர் கரும்பலகையின் மேல் வரியில் எழுதுகிறார். ஆனால் அந்தக் கண்ணீருக்கும் பயத்துக்கும் அவசியமே இருக்கவில்லை. முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் போதும். அதனால்தான் இன்று இந்த நிறைந்த மண்டபத்தில் சொல்கிறோம்.

உள்ளே நடப்பது என்ன?

மார்பகத்துக்குக் கீழே நெஞ்சுத் தசை இருக்கிறது. அந்தத் தசை விலாவிலிருந்து கிளம்பி மேற்கையில் போய்ச் சேருகிறது. மார்பகத்தை அகற்றும்போது தோலும் அதன் கீழுள்ள சவ்வும் வெட்டுப்படுகின்றன. காயம் ஆறும்போது தழும்பு சுருங்கும். கையை அசைக்காமல் வைத்திருந்தால் சுருங்கிய நிலையிலேயே எல்லாம் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். வலிக்குப் பயந்து தோளை முன்னே வளைத்துக் கூனி இருக்கும் பழக்கமும் சேர்ந்தால் தோள்மூட்டு இறுகிவிடும்.

கமக்கட்டில் நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. கையிலிருந்து வரும் நிணநீர் அவற்றினூடாகவே வடிந்து இரத்தத்தில் சேர்கிறது. நோய் அங்கே பரவியிருக்கிறதா என்று பார்க்கவும், பரவியிருந்தால் அகற்றவும் அவற்றை எடுக்கிறார்கள். அப்போது அவ்வழியே போகும் ஒரு சிறு நரம்பும் பாதிக்கப்படலாம். மேற்கையின் உட்பக்கம் மரத்துப்போய், சீலைத் தலைப்பு உரசினாலே எரிவதுபோல இருப்பது இதனால்தான். சிலருக்குச் சில கிழமைகளின் பின் கமக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி, சில வேளை மணிக்கட்டு வரைக்கும், தோலுக்கடியில் கயிறு இழுத்துக் கட்டியதுபோல நாண்கள் தென்படும். கையை நீட்டினால் அவை விறைத்து இழுக்கும். பார்த்தவுடன் நோய் திரும்பிவிட்டது என்று பயப்படுவார்கள். அது புற்றுநோய் அல்ல. மென்மையான நீட்டல் பயிற்சியால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனாலும் இயன்மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிக்கொள்ளுங்கள்.

இந்தத் துன்பம் முன்னைய காலத்தில் மிகக் கொடியதாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டட் வகுத்த முறையில் மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் கமக்கட்டுக் கணுக்களையும் ஒன்றாக அகற்றினார்கள். விலா எலும்பு தெரியும், கை வீங்கும், தோள் இறுகும். உயிருக்குக் கொடுக்கும் விலை என்று அதைப் பெண்கள் பல தசாப்தங்கள் பொறுத்துக்கொண்டார்கள். 1970களில் அமெரிக்காவில் பேர்னாட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பேர்ட்டோ வெரோனேசியும் நடத்திய ஆய்வுகள், அவ்வளவு வெட்டாமலே அதே அளவு ஆயுளைக் கொடுக்கலாம் என்று காட்டின. இன்று ஆரம்ப நிலையில் பிடிபட்டால் கட்டியை மட்டும் எடுக்கலாம். நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு கணுக்களை மட்டும் எடுத்துப் பரிசோதித்து, அவை சுத்தமாக இருந்தால் மற்றவற்றைத் தொடாமல் விடலாம். நேரத்தோடு போனால் கைக்கும் நல்லது என்பதை மகள்மாருக்குச் சொல்லி வையுங்கள்.

எப்போது, என்ன செய்வது?

கையைச் சத்திரசிகிச்சைக்கு அடுத்த நாளே அசைக்கத் தொடங்கலாம். தையல் பிரியாது. ஆனால் படிப்படியாகச் செய்ய வேண்டும்.

முதல் கிழமையில், அதாவது வடிகுழாய் இருக்கும்வரை, கையைத் தோள் உயரத்துக்கு மேலே தூக்க வேண்டாம். அதற்குக் கீழே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. உள்ளங்கையை இறுக்கி மூடித் திறப்பது, மணிக்கட்டைச் சுழற்றுவது, முழங்கையை மடக்கி நீட்டுவது, இரு தோள்களையும் காதுவரை உயர்த்தி இறக்குவது, தோளைப் பின்பக்கமாக வட்டமிடுவது, மூச்சை ஆழமாக இழுத்து விடுவது. முகம் கழுவுவதும், சாப்பிடுவதும், முடிந்த அளவு தலை வாருவதும் அந்தக் கையாலேயே நடக்கட்டும். படுக்கும்போது கைக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

வடிகுழாய் எடுத்த பிறகு, வைத்தியர் சரி என்று சொன்னதும், கையை மேலே கொண்டுபோகத் தொடங்கலாம். பெரும்பாலும் ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் இது தொடங்கும்.

இப்போது எல்லோரும் கதிரையில் இருந்தபடியே எங்களோடு செய்து பாருங்கள். எங்கள் டிரில் ரீச்சர் முன்னால் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், முதுகு தானாக நிமிரும்.

இரண்டு கைகளையும் கோத்து மடியில் வையுங்கள். கோத்தபடியே மெல்ல மெல்லத் தலைக்கு மேலே உயர்த்துங்கள். சுகமான கை மற்றக் கையைத் தூக்கிக்கொண்டு போகும். மூச்சை அடக்க வேண்டாம். ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து இறக்குங்கள். அடுத்து, கைகளைப் பிடரியில் கோத்து, முழங்கைகளை முன்னே சேர்த்துப் பின் விரியுங்கள், நெஞ்சு திறக்கும். அடுத்து, கையை முதுகுப் பக்கம் கொண்டுபோய் உள்சட்டைக் கொக்கி இருக்கும் இடத்தைத் தொடப் பாருங்கள். சுகமாக இருக்கும் எங்களில் பலருக்கே இது எட்டவில்லை என்று அங்கே எழும் சிரிப்பிலிருந்து தெரிகிறது!

நான்காவது பயிற்சிக்குச் சுவர் வேண்டும். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் நண்டு ஊர்வதுபோல மேலே ஏறுங்கள். எட்டிய இடத்தில் ஒரு வெண்கட்டிக் கோடு போட்டுத் திகதியை எழுதுங்கள். அடுத்த நாள் அதற்கு ஒரு விரற்கடை மேலே. முகம் பார்த்துச் செய்ததும், சுவருக்குப் பக்கவாட்டாக நின்று அதையே செய்யுங்கள். பிள்ளைகளின் உயரத்தைச் சுவரில் குறித்து வைத்தவர்கள் நாங்கள். எங்கள் கையின் உயரத்தையும் ஒரு தடவை குறிப்போம்.

ஐந்தாவது, கப்பி. வைத்தியசாலைகளின் இயன்மருத்துவப் பிரிவில் தலைக்கு மேலே ஒரு கப்பியும் அதில் ஒரு கயிறும் தொங்கும். ஒரு கை கீழே இழுக்க மற்றக் கை மேலே போகும். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதைப் படிப்பிக்கவே தேவையில்லை. ஆனால் கிணற்றில் தண்ணீர் அள்ளுவது இப்போதைக்கு வேண்டாம், அது பாரம். பாரமில்லாத வெறும் கயிற்றை ஒரு வளையிலோ கப்பியிலோ போட்டு, கதிரையில் இருந்து இழுத்தால் போதும்.

ஒவ்வொன்றையும் ஐந்திலிருந்து பத்துத் தடவை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை செய்யுங்கள். இழுப்பது தெரிய வேண்டும். குத்தும் வலி வந்தால் அந்த இடத்தில் நிறுத்துங்கள். வலிமாத்திரை எழுதித் தந்திருந்தால் அதைக் குடித்து அரை மணித்தியாலம் கழித்துச் செய்வது இலகு. காயத்தைச் சுற்றி நீர் கோர்த்துத் ததும்பினால், காயம் சிவந்தால், காய்ச்சல் வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள். முதுகுத் தசையோ வயிற்றுத் தசையோ எடுத்து மார்பகத்தை மீளமைத்தவர்களுக்கு விதிகள் வேறு. அவர்கள் சத்திரசிகிச்சை நிபுணரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது.

இப்படிச் செய்தால் ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் பெரும்பாலோருக்குக் கை பழைய உயரத்துக்கு வந்துவிடும். அதற்காகப் பயிற்சியைக் கைவிட வேண்டாம். கதிர்வீச்சு, சிகிச்சை முடிந்து மாதங்கள் சென்ற பிறகும் தசையை இறுக்கிக்கொண்டிருக்கும். பல் துலக்குவதுபோல வாழ்க்கையின் ஒரு பகுதியாக நீட்டல் பயிற்சி இருக்கட்டும்.

பிரித்தானியாவில் 17 நிலையங்களில் 392 பெண்களைச் சேர்த்து நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. தோள் இறுகும் ஆபத்துக் கூடிய பெண்களுக்கு ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் இயன்மருத்துவரின் வழிகாட்டலில் பயிற்சியைத் தொடங்கினார்கள். ஒரு வருடத்தின் பின் பார்த்தபோது, வெறும் கைநூல் மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் கை நன்றாக இயங்கியது, வலியும் குறைவு. காயத்துக்கு எந்தக் கெடுதலும் வரவில்லை. மாமிமாருக்குச் சொல்லவே இதை எழுதி வைத்திருக்கிறோம்.

வீக்கம் பற்றி

கமக்கட்டுக் கணுக்களை முழுவதும் எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்து பேரில் ஒருவருக்குக் கையில் நிணநீர் வீக்கம் வருகிறது. ஒன்றிரண்டு கணுக்கள் மட்டும் எடுத்தவர்களுக்கு அதைவிட மிகக் குறைவு. சில மாதங்களில் வரலாம், சில வருடங்கள் கழித்தும் வரலாம். காப்பு இறுகுவது, மோதிரம் கழலாமல் இருப்பது, சட்டைக் கை பிடிப்பது, கை பாரமாக இருப்பது ஆகியவை முதல் அடையாளங்கள். அந்த நேரத்தில் போனால் கட்டுப்படுத்தலாம். அளவெடுத்த அழுத்தக் கைச்சட்டை, தோல் பராமரிப்பு, பயிற்சி, தேர்ந்தவர் செய்யும் மென்மையான நிணநீர் வடிப்பு ஆகியவை சிகிச்சைகள். எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவது இதற்குச் சிகிச்சை அல்ல, அது கெடுதலே செய்யும்.

“அந்தக் கையால் இனி ஒன்றும் தூக்காதே” என்பது நெடுங்காலம் வைத்தியர்களே சொல்லிவந்த புத்திமதி. அதைச் சோதித்துப் பார்த்தவர் கனடாவின் வன்கூவர் நகரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்து விளையாட்டு மருத்துவர் டொன் மெக்கென்சி. 1996இல், மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற 24 பெண்களை அவர் டிராகன் படகில் ஏற்றித் துடுப்புப் போட வைத்தார். நல்ல பயிற்சி கொடுத்து, மெதுவாகப் பாரத்தைக் கூட்டி, கையைக் கவனித்துக்கொண்டே செய்தார். ஒருவருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. இன்று உலகில் பல நாடுகளில் அப்படிப்பட்ட படகுக் குழுக்கள் இருக்கின்றன. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து வந்திருக்கும் எங்கள் தோழியர் அவற்றை ஏரிகளில் பார்த்திருக்கக்கூடும். 2009இல் அமெரிக்காவில் கத்ரின் ஷ்மிட்ஸ் தலைமையில் வந்த ஆய்வு இன்னும் தெளிவானது. ஏற்கனவே வீக்கமுள்ள 141 பெண்களில் ஒரு பகுதியினர், கைச்சட்டை அணிந்து, கிழமைக்கு இரண்டு நாள், சிறிய பாரத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி எடை தூக்கினார்கள். அவர்களின் வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென மோசமாகும் தடவைகளும் அவர்களுக்குக் குறைந்தன.

ஆகவே தோழியரே, அந்தக் கையை அடுக்களைக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு வாருங்கள். தொடக்கத்தில் ஒரு கேத்தல் தண்ணீருக்கு மேல் வேண்டாம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். ஒரேயடியாக ஒரு நாள் அரிசி மூட்டை தூக்குவதும், தைப்பொங்கலுக்கு முன் வீடு முழுவதும் ஒட்டடை அடிப்பதுந்தான் ஆபத்து. தோலைக் காப்பாற்றுங்கள். மீன் வெட்டும்போதும் தேங்காய் துருவும்போதும் காயம் படாமல் பாருங்கள். பூங்கன்று நடும்போது கையுறை போடுங்கள். சிறு கீறலையும் சவர்க்காரத்தால் கழுவி மருந்து போடுங்கள். கை சிவந்து, சூடேறி, காய்ச்சலும் வந்தால் அது கிருமித்தொற்று. அடுத்த நாள்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இரத்த அழுத்தம் பார்க்கவும் ஊசி போடவும் இயன்றவரை மற்றக் கையைக் கொடுங்கள். அவசரத்தில் இந்தக் கையில் ஊசி ஏற்றிவிட்டார்கள் என்று பதறவும் வேண்டாம்.

கைக்கு அப்பால்

ஒரு பக்கத்து மார்பகம் இல்லாதபோது உடலின் சமநிலை மாறுகிறது. தோள் ஒரு பக்கம் சரியும், கழுத்தும் முதுகும் நோகும். காயம் ஆறியதும், பாரம் சரியாக அமைந்த செயற்கை மார்பகத்தை உள்சட்டைக்குள் வைத்துக்கொள்வது அழகுக்கு மட்டுமான விடயம் அல்ல. முதலில் மென்மையான துணியாலோ பருத்தி நூலாலோ செய்ததைப் பாவிக்கலாம். கண்ணாடிக்கு முன் நின்று இரு தோள்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து நிமிருங்கள்.

கீமோ காலத்திலும் கதிர்வீச்சுக் காலத்திலும் வரும் களைப்பு சாதாரணக் களைப்பு அல்ல. படுத்து எழும்பினாலும் தீராது. வியப்பாக இருக்கும், அதற்கு மிக நல்ல மருந்து நடப்பதுதான். முதலில் முற்றத்தில் பத்து நிமிடம். பிறகு ஒழுங்கை முனை வரை. பிறகு கோயிலடி வரை. கிழமைக்கு 150 நிமிடம் வரை மெல்ல மெல்லக் கொண்டுபோகலாம். நடையின் பலம் எங்கள் பகுதிக்குத் தெரியும். 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை, நாட்டின் தென்முனையிலிருந்து வடமுனைக்கு, பல்லாயிரம் பேர் சேர்ந்து நடந்து திரட்டிய பணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழ உதவியது. ஒரு காலத்தில் பஸ்ஸிலும் ரயிலிலும் மகரகமைக்குப் போய், அறை எடுத்துத் தங்கி, சிகிச்சை பெற்றவர்கள் எங்களில் பலர். இன்று வடபகுதிப் பெண் ஒருவருக்கு அவ்வளவு தூரம் இல்லை.

தூரம் குறைந்தும் சிலர் வருவதில்லை. அதற்கான காரணத்தையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். இயன்மருத்துவப் பிரிவுக்கு வந்தால் தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்கள், ஊருக்குத் தெரிந்தால் மகளின் கலியாணப் பேச்சுக் குழம்பும் என்ற பயம். இந்தப் பயத்தால் சத்திரசிகிச்சைக்குப் பின் கிளினிக்கை விட்டவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். பொதுக்கிணற்றடிக்கும் கோயிலுக்கும் போகாமல், கை வீங்கியதையும் சீலைத் தலைப்பால் மூடி மறைத்து வருடக்கணக்காக இருந்தவர்களையும் தெரியும். மார்பகப் புற்றுநோய் தொற்றுவதில்லை. பரம்பரையாக வருவது நூறில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு மட்டுமே. தாய்க்கு வந்ததால் மகளின் வாழ்வைத் தட்டிக் கழிக்க எவருக்கும் நியாயம் இல்லை. நாளை எங்கள் மகன்மாருக்குப் பெண் பார்க்கப் போகிறவர்களும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறோம். அந்தக் கேள்வியை நாங்கள் கேட்காமல் விட்டால், ஒரு தாய் தைரியமாகக் கிளினிக்குக்கு வருவாள்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள்

1952இல் நியூயோர்க்கில் தெரேஸ் லாசர் என்ற பெண்ணுக்கு மார்பகம் அகற்றப்பட்டது. இனி என்ன செய்வது, எப்படி உடுப்பது, கையை எப்படி அசைப்பது என்று சொல்ல ஒருவரும் இல்லை. சுகமானதும் அவர் தானே வைத்தியசாலைகளுக்குப் போய், சத்திரசிகிச்சை செய்த பெண்களைக் கட்டிலருகில் சந்திக்கத் தொடங்கினார். அவர் கொண்டுபோனவை ஒரு கயிறு, ஒரு பந்து, ஒரு தற்காலிகச் செயற்கை மார்பகம். கயிறு தோளுக்கு, பந்து விரல்களுக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, இதே சத்திரசிகிச்சை செய்த ஒருத்தி நிமிர்ந்து நடந்து வந்து எதிரே நிற்பதைக் கட்டிலில் இருந்தவர்கள் கண்டார்கள். அவர் தொடங்கிய அந்தப் பணி பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது.

எங்கள் சங்கத்துக்கு நூறு வயதாகிறது. கட்டடம் கட்டியிருக்கிறோம், நூல்நிலையத்துக்குக் கொடுத்திருக்கிறோம், போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த மாணவிகளுக்குக் கொப்பியும் சீருடையும் கொடுத்திருக்கிறோம். இந்த வருடம் இன்னுமொன்று கேட்கிறோம். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை.

ஒவ்வொரு வகுப்புப் பிரிவிலும் ஒருவர் பொறுப்பெடுங்கள். தன் வகுப்புத் தோழி ஒருத்திக்குச் சத்திரசிகிச்சை என்று அறிந்தால், சோற்றுப் பார்சலோடு அவளைப் பார்க்கப் போகும்போது இந்தப் பயிற்சிகளையும் கொண்டு போங்கள். அவள் சம்மதித்தால் சுவரில் முதல் கோட்டை நீங்கள் போடுங்கள். முதல் இயன்மருத்துவக் கிளினிக்குக்கு அவளோடு கூடப் போங்கள். அவள் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றால், உங்களோடு மட்டும் அது இருக்கட்டும்.

வெளிநாடுகளில் இருப்பவர்களே, அளவெடுத்த அழுத்தக் கைச்சட்டையும் நல்ல செயற்கை மார்பகமும் இங்கே பலருக்கு எட்டாத விலை. கைச்சட்டை பழுதானால் மாற்றவும் வேண்டும். வருடத்தில் ஒன்றோ இரண்டோ உங்கள் கிளையின் பெயரால் அனுப்ப முடியுமா? ஆனால் கைச்சட்டையின் அளவு ஆளுக்கு ஆள் வேறு. பிழையான அளவு கையைக் கெடுக்கும். இங்குள்ள இயன்மருத்துவர் எடுத்துத் தரும் அளவுக்கே வாங்குங்கள்.

சத்திரசிகிச்சை செய்து சுகமானவர்களே, இந்த மண்டபத்தில் உங்களில் சிலர் இருக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். யாரென்று கேட்க மாட்டோம். உங்களுக்கு விருப்பமிருந்தால், அடுத்தவளின் கட்டிலருகே ஒரு தடவை போய் நில்லுங்கள். கையை மேலே தூக்கிக் காட்டுங்கள். நாங்கள் மூவரும் ஒரு மணித்தியாலமாகச் சொன்னதை அவள் ஒரு கணத்தில் விளங்கிக்கொள்வாள்.

அமர்வு முடிந்ததும் நூல்நிலையத்துக்குப் பக்கத்து வகுப்பறையில் நாங்கள் இருப்போம். தோள் இறுகியிருக்கிறது, கை வீங்கியிருக்கிறது என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் வாருங்கள், கதவைச் சாத்திவிட்டுப் பார்ப்போம். பயிற்சிகளைத் தமிழில் படங்களோடு அச்சடித்த தாளும் அங்கே இருக்கிறது. உங்களுக்குத் தேவையில்லாவிட்டாலும் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள், யாருக்கு எப்போது தேவைப்படும் என்று சொல்ல முடியாது.